ஜா பிளேட்டைத் தூக்க எது சரி: பொக்லைனா, ஹைட்ராவா, செயின் பிளாக்கா?

மாமாங்கம், கருப்பூர், செட்டிச்சாவடி என்று சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) கரடுகளைச் சுற்றி வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் இல்லை. வாரம் முழுக்க ஓடிய கிரஷரைத் திறக்கிற நாள் அது. இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவே கல்லை நசுக்குகிற எங்கள் ஜா கிரஷரில், அசையும் தாடையின் பிளேட் பல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கல் உடையாமல் மேலே வழுக்கி வருகிறது. மாற்றியே தீர வேண்டும். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் பேச்சு எழுந்தது: எதை வைத்துத் தூக்குவது?

"அண்ணே, பொக்லைன் சும்மாதானே நிக்குது. பக்கெட் பல்லுல ஒரு பெல்ட்டை மாட்டுனா அஞ்சு நிமிசம்" என்றான் ஹெல்பர் பையன். ஸ்டோர்காரர், டயரில் ஓடுகிற ஹைட்ரா கிரேன் கட்சி: "பைபாஸ்ல ஒரு போன் போட்டா காலையில ஆறு மணிக்கு வந்து நிக்குமுங்க." வெல்டர் அண்ணன் தலையைத் தூக்காமலே, "மேல பீம் எதுக்கு இருக்கு? செயின் பிளாக்கை மாட்டுங்கப்பா" என்றார். மேனேஜருக்கு அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்றும் கால்) வைத்த பெரிய கிரேன் வந்தால்தான் நிம்மதி. நான்கு பேர் சொன்னதையும் நானே வெவ்வேறு இடங்களில் செய்திருக்கிறேன். நான்கிலும் பிளேட் வெளியே வந்திருக்கிறது. வந்துவிட்டது என்பதாலேயே அது சரியான வழி ஆகிவிடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. எங்கே கேட்டாலும் "ஒரு டன் இருக்கும்" என்பார்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிற டன் அது. டேப்பை எடுத்து அளந்தால் இரண்டு நிமிடத்தில் கணக்கு வந்துவிடும். எங்கள் பிளேட் நீளம் 1.2 மீட்டர், அகலம் 0.9, சராசரி கனம் 0.1. பெருக்கினால் 0.108 கன மீட்டர். இரும்பு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7,850 கிலோ. ஆக 848 கிலோ. பல்லின் மேடுபள்ளம், கொஞ்சம் முன்னே பின்னே எல்லாம் சேர்த்து 900 என்று வைத்துக்கொள்ளலாம். தேய்ந்த பிளேட் இதைவிடக் குறைவுதான்.

அப்படியானால் கையால் செயினை இழுத்துத் தூக்குகிற 2 டன் செயின் பிளாக்கும் போதும், 14 டன் ஹைட்ராவும் போதும், பொக்லைனுக்கு இது தூசு. எடையை மட்டும் பார்த்தால் எதுவுமே தப்பில்லை. பலரும் இந்த இடத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

கழற்றும்போது அந்த பிளேட் 900 கிலோவாக இருப்பதில்லை. ஆறேழு மாதம் கல்லை மென்று மென்று தாடையோடு அப்பிக்கொண்டிருக்கும். பின்பக்கம் புகுந்த வெள்ளை மாவு ஈரம் பட்டு இறுகியிருக்கும். பிளேட்டைப் பிடித்திருக்கும் ஆப்புக்கட்டை கழன்றாலும் பிளேட் கழலாது. மேலே இருந்து இழுக்கிறவனுக்கு எடை 900 கிலோ இல்லை. எவ்வளவு இழுக்கிறானோ அவ்வளவு. 5 டன் இழுத்தால் 5 டன். திடீரென்று விடுபடும்போது, தூக்கும் கையான பூமிலும் பெல்ட்டிலும் இறுகி நின்ற அந்த விசை முழுக்க ஒரே நொடியில் துள்ளி வெளியே வரும்.

இதை எங்கே கற்றேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு குவாரியில், ஹைட்ராவால் இப்படித்தான் இழுத்தோம். பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. ஆபரேட்டர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தார். டக்கென்று பிளேட் கழன்றது. ஹைட்ரா தரையில் மோதியது, பூம் துள்ளியது, பிளேட் ஊஞ்சல் மாதிரி ஆடி கைப்பிடிக் கம்பியில் அடித்தது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவரின் கட்டைவிரல் நசுங்கிப்போனது. அவர் நின்ற இடம் லோடுக்கு நேர் கீழே இல்லை, ஓரத்தில்தான். எல்லோரும் பாதுகாப்பான இடம் என்று நினைக்கிற இடம். அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எத்தனை டன் என்று நான் முதலில் கேட்பதில்லை. பிளேட் வர மறுத்தால் அந்தக் கருவி நமக்கு எப்படிச் சொல்லும், அப்போது ஆள் எங்கே நிற்பான், இந்த இரண்டைத்தான் கேட்பேன்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

பொக்லைனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மண் அள்ளச் செய்த இயந்திரம் அது. அதன் பக்கெட் பல் கொக்கி இல்லை. பெல்ட் வழுக்காமல் பிடிக்கும் நாக்கு அதில் கிடையாது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்கிற லோடு சார்ட் பெரும்பாலான வண்டிகளில் கேபினில் ஒட்டியிருக்காது. பூம் சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் வெடித்தால் பூம் சட்டென்று கீழே வரும். அதைத் தடுக்கிற வால்வு தனியாகப் பொருத்தினால்தான் உண்டு. ஐரோப்பியத் தரவிதி எக்ஸ்கவேட்டரால் பொருள் தூக்க அனுமதிக்கிறது. ஆனால் 1 டன்னைத் தொட்டால் அந்த வால்வும், அதிக எடை எச்சரிக்கையும், முறையான கொக்கியும் வேண்டும் என்கிறது. நம் ஊர் வண்டியில் இந்த மூன்றும் இருந்தால் சொல்லுங்கள், பேசலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, சிக்கிய பிளேட்டை இழுக்கும்போது பொக்லைன் ஆபரேட்டருக்கு எதுவுமே தெரியாது. பாறையைப் பெயர்க்கிற கைக்கு 900 கிலோவும் 5 டன்னும் ஒன்றுதான். லீவர் அதே அளவுதான் அசைகிறது. பையனிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எதுக்குண்ணே எல்லா குவாரியிலும் செய்யறாங்க?" என்று கேட்டான். சும்மா நிற்கிறதல்லவா, அதனால்தான்.

ஹைட்ராவை அப்படி ஒதுக்க முடியாது. மோட்டார், கியர்பாக்ஸ், கன்வேயர் டிரம் என்று தரையில் இருக்கிற எதையும் லாரியில் ஏற்றி இறக்க அதுபோல ஒன்று இல்லை. சேலத்தில் வாடகைக்குக் கிடைப்பதும் சுலபம். மணிக்கணக்கில் கூலி, குறைந்தபட்ச மணி ஒன்று வைத்திருப்பார்கள், போக வர டீசல் பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் கிரஷர் வாய்க்குள் செங்குத்தாக நிற்கிற பிளேட்டுக்கு அது பொருந்துமா?

14 டன் என்று எழுதியிருப்பது பூமை முழுக்க உள்ளே இழுத்து, லோடை முன்சக்கரத்துக்கு மிக அருகில் வைத்திருக்கும்போது மட்டும். பூமை நீட்டி முன்னால் சாய்க்கச் சாய்க்க அந்த எண் சரசரவென்று இறங்கும். வண்டியை மடக்கித் திருப்பினால் இன்னும் இறங்கும், பக்கவாட்டில் கவிழும் ஆபத்தும் கூடும். எங்கள் கிரஷரை நெருங்க முடிகிற ஒரே பக்கம் டிப்பர் கல் கொட்டுகிற மண்மேடு. அங்கே நிறுத்தினால் பிளேட் வரைக்கும் பூமை நீட்டியாக வேண்டும். அந்த நீளத்துக்குச் சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆபரேட்டரைக் கேளுங்கள். சார்ட்டே இல்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புவதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்தது, ஹைட்ராவுக்கு இடுப்பு திரும்பாது. பிளேட்டை நான்கு விரல் இடப்பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் வண்டியையே நகர்த்த வேண்டும். கிரஷர் வாய்க்குள் புது பிளேட்டை இறக்கி, பின்பக்கம் தாடையோடு ஒட்ட உட்கார வைக்கும்போது இந்த நான்கு விரல்தான் வேலை. மண்மேட்டில் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி முன்னே பின்னே ஊர்ந்துகொண்டிருக்க, இரண்டு பேர் குழிக்குள் கைவிட்டு பிளேட்டைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஆபரேட்டருக்குப் பூம் மறைக்கும். அவர் நம்புவது சிக்னல்காரரின் கையை மட்டும். மேஸ்திரி, ஃபிட்டர், மேனேஜர் என்று மூன்று பேரும் கை காட்டுவார்கள். முன்பக்கம் கேபின் வைத்த புது மாடல் வந்த பிறகு பார்வைப் பிரச்சினை குறைந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் பல பழைய மாடலை கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. இடுப்பு திரும்பாத பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த மண்மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக்கல் டூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதை எடுக்கக் கழிக்கிற பாறையும் மண்ணும் ஏராளம். அதைக் கொட்டி மேடாக்கியதுதான் இங்கே பாதி இடங்களில் நம் காலடித் தரை. பார்க்க இறுகியிருக்கும். ஐப்பசி மழை ஊறிய பிறகு சக்கரம் ஒரு பக்கம் இறங்கினால் பூம் நுனி எவ்வளவு நகரும் என்று யோசித்துப் பாருங்கள். மேட்டு ஓரமும் 11 கேவி லைனும் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். லைனுக்கும் பூமுக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும், அதுவும் ஆடிக் காற்றில் லோடு ஆடினால் போய்த் தொடுகிற தூரத்தையும் சேர்த்து.

மேனேஜர் கேட்ட பெரிய கிரேன் இந்தக் குறைகளில் பாதியைத் தீர்த்துவிடும். இடுப்பு திரும்பும், அவுட்ரிகரில் உறுதியாக நிற்கும், தூக்கும் எடையை கேபினில் திரையில் காட்டும். பிளேட் சிக்கினால் அந்த எண் ஏறுவதைப் பார்த்தே நிறுத்திவிடலாம். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நான்கு காலையும் முழுசாக நீட்ட சமதளம் வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஸ்லீப்பர் கட்டை வேண்டும், ஷிப்ட் கணக்கில் வாடகை வேண்டும். அசையும் தாடையை முழுசாக, ஷாஃப்ட்டோடும் பேரிங்கோடும் தூக்க வேண்டிய வருஷம் வரும். அன்றைக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒற்றை பிளேட்டுக்கு அதை வரவழைத்தால், வாடகை ஓடுகிறதே என்கிற அவசரம் எல்லோர் தலையிலும் ஏறிக்கொள்ளும். அவசரத்தை விலை கொடுத்து வாங்கக் கூடாது.

ஏற்காட்டு மேலே என்றால் இந்தக் கேள்வியே மாறிவிடும். சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட் எடுத்து மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலம் உண்டு. சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் ஹைட்ராவை ஓட்டிக்கொண்டு போவதே தனி ஆபத்து. அங்கே கழற்றி மாட்டுகிற கேன்ட்ரியும் (காலோடு நிற்கும் இரும்புச் சட்டம்) செயின் பிளாக்கும்தான் முதல் தேர்வு. கீழே ஹைட்ரா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே நமக்கு யோசிக்கிற பழக்கம் போய்விட்டதோ என்று சில சமயம் தோன்றும்.

இனி வெல்டர் அண்ணன் சொன்ன செயின் பிளாக்.

மெதுவாக வேலை செய்கிறது என்பதுதான் அதன் மேல் எல்லோருக்கும் உள்ள குறை. எனக்கு அதன் பெரிய குணமே அதுதான். கைச்செயினை ஒரு முழம் இழுத்தால் கொக்கி ஒரு விரல்கூட ஏறாது. 2 டன் பிளாக்கின் கியர், ஒரு ஆள் தனியாக இழுக்கும் அளவுக்குத்தான் அமைத்திருப்பார்கள். பிளேட் வருகிறதென்றால் கை ஒரே மாதிரி ஓடும். சிக்கினால் கை உடனே கனக்கும். இரண்டாவது ஆள் வந்து செயினைப் பிடிக்க வேண்டிவந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும், அது ஓவர்லோடு. ஹைட்ராவிலும் பொக்லைனிலும் இல்லாத இந்தச் செய்தி இங்கே உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. நிறுத்திவிட்டு ஜாக்கியை வைத்து பிளேட்டின் அடியை நெம்பு, பக்கத்தில் தட்டு, இறுகிய மாவைச் சுரண்டு, மறுபடி இழு. ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கையை விட்டாலும் லோடு அப்படியே நிற்பது உள்ளே இருக்கிற பிரேக்கால். நம் ஊர் வெள்ளைத் தூசி அந்த பிரேக்குக்குள் போய், யாரோ அன்போடு ஊற்றிய எண்ணெயோடு குழைந்து களியாகிவிடும். பிரேக் பிளேட்டுக்கு எண்ணெய் கூடாது, செயினுக்குத்தான் எண்ணெய். இந்த வித்தியாசம் தெரியாத கைகள் நிறைய. அதனால் மாட்டியதும் முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி, பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பேன். இறங்கினால் அந்த பிளாக் அன்றைக்கு வேலைக்கு இல்லை. கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, நாக்கு மூடுகிறதா, செயின் கண்ணி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அப்போதே. கண்ணியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் அது கழிவு இரும்பு.

செயின் பிளாக்கின் உண்மையான பலவீனம் அதற்குள் இல்லை, அது தொங்குகிற இடத்தில் இருக்கிறது. மேலே இருக்கிற பீமில் பழைய பெயிண்டில் "2 டன்" என்று எழுதியிருக்கிறது. எழுதியது யார்? கிரஷர் ஷெட் கட்டியபோது கூரை தாங்கப் போட்ட பீமா, தூக்குவதற்கென்றே போட்டதா? 2 டன் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றேகால் மடங்கு, அதாவது 2.5 டன் தொங்கவிட்டுச் சோதித்த காகிதம் இருக்க வேண்டும். தேடினோம், கிடைக்கவில்லை. நான் படித்து வளர்ந்தது 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டமும் 1961ஆம் வருட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும். தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமான டிஜிஎம்எஸ் அதிகாரி வந்தால் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் வருடச் சட்டம், தூக்கும் கருவியைத் தகுதியுள்ள ஆளை வைத்து 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுசாகச் சோதிக்கச் சொன்னது. நம் கிரஷர் எந்தச் சட்டத்தில் வந்தாலும் வருஷம் ஒரு முறை என்பது அதிகமில்லை.

முக்காலியில் மாட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். சமமான கான்கிரீட் தரையில், மூன்று கால்களையும் செயினால் ஒன்றோடொன்று கட்டி, நேர் கீழே தூக்கினால் முக்காலி நல்லது. கிரஷர் வாய் மேல், ஒரு கால் பிளாட்பாரத்திலும் மற்றது கல்லிலுமாக நிற்க வைத்தால் அது தூக்குமேடைதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கும் பிளேட்டுக்கும் நடுவில் வருவது ஒன்றுதான்: ஸ்லிங், அதாவது லோடைக் கொக்கியில் மாட்டுகிற செயின் அல்லது பெல்ட். உள்ளபடி விபத்தில் முக்கால்வாசி இங்கேதான் கருக்கொள்கிறது என்பது என் அனுபவம். பிளேட்டில் இரண்டு துளை இருக்கிறது, இரண்டு கால் ஸ்லிங் போடுகிறோம். மேலே கொக்கியில் இரண்டு காலும் சேரும் கோணம் 60 டிகிரி என்றால் 850 கிலோவுக்கு ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 490 கிலோ. அதே ஸ்லிங் குட்டையாக இருந்து கோணம் 120 ஆகிவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 850. இரண்டு கால் போட்டதில் பலனே இல்லை. நீளமான ஸ்லிங்கை எடுக்க ஸ்டோர் வரை நடக்க அலுத்துக்கொண்டு எத்தனை பேர் குட்டையானதைப் போட்டிருப்பார்கள்!

பெல்ட் ஸ்லிங்கின் நிறமே அதன் எடையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. ஆனால் பிளேட்டின் கூரான விளிம்பில் பெல்ட் கத்தியில் பட்ட வாழைநார் மாதிரி. பெல்ட்தான் இருக்கிறது என்றால் பழைய கன்வேயர் பெல்ட்டை ஒரு முழம் வெட்டி விளிம்புக்கு மெத்தையாக வையுங்கள். எங்கள் தேர்வு, துளையில் ஷேக்கிள் (குறுக்கே பின் போட்ட இரும்பு வளையம்) போட்டு செயின் ஸ்லிங். சித்திரை வெயிலில் கம்ப்ரஸர் மேல் காயப் போட்ட பெல்ட், நிறம் வெளுத்து நூல் பிசிறியிருந்தால், பட்டையில் என்ன எண் இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியதுதான். வெட்ட வேண்டும், சும்மா எறிந்தால் திங்கட்கிழமை யாரோ எடுத்து மாட்டியிருப்பார்கள்.

இந்த இடத்தில் வெல்டர் அண்ணனோடு எனக்குச் சண்டை வந்தது. துளை அடைத்துக் கிடக்கிறது, ஒரு பெரிய நட்டை பிளேட் மேல் வெல்டு வைத்து அதில் கொக்கியை மாட்டலாம் என்றார். ஜா பிளேட் மாங்கனீஸ் எஃகு. அடி வாங்க வாங்க இறுகுகிற இரும்பு, ஆனால் சூடு ஆகாது. 260 டிகிரியைத் தாண்டிச் சூடேறி நின்றால் அந்த இடம் மொறுமொறுவென்று ஆகிவிடும். சாதாரண ராடில் வைத்த வெல்டு பார்க்க அழகாக இருக்கும், அடியில் விரிசல் ஓடியிருக்கும். 900 கிலோ பாதி உயரத்தில் இருக்கும்போது நட்டு மட்டும் கொக்கியோடு மேலே போகும். "முப்பது வருசமா வெக்கிறேன், ஒண்ணும் ஆகலியே" என்றார். மூத்தவர், எதிர்த்துப் பேசவில்லை. துளையை உளியால் சுத்தம் செய்ய நானே உட்கார்ந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு அவரும் சுத்தியோடு வந்து உட்கார்ந்தார்.

தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எந்தக் கருவிக்கும் பொது. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டு போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்வது தெரிந்த விஷயம். பலரும் மறப்பது பிளைவீல், கிரஷரின் கனமான சுழல்சக்கரம். மோட்டார் நின்றாலும் அதன் ஒருபக்க எடையால் பிளைவீல் தானே கொஞ்சம் உருளும், தாடை அசையும், உள்ளே ஆள் இருப்பான். கட்டை அடித்து நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது. கல் கொட்டுகிற ஹாப்பரில் மிச்சமிருக்கும் கல்லையும் காலி செய்தாக வேண்டும். ஆடுகிற பிளேட்டைக் கையால் பிடிக்காமல் கயிறு கட்டித் திருப்பிக்கொள்வதும் அப்படித்தான். கயிறு பிடிக்கிறவருக்குப் பின்னால் விலகி ஓட வழி இருக்க வேண்டும்.

ஆக, நாங்கள் எடுத்த முடிவு இது. பிளேட்டைக் கிரஷருக்குள்ளிருந்து பெயர்த்து எடுப்பது செயின் பிளாக். மேலே வந்த பிளேட் டிராலியில் பிளாட்பாரத்துக்கு நகர்ந்து தரைக்கு இறங்கிய பிறகு, அதை லாரியில் ஏற்றுவதும் புது பிளேட்டை லாரியிலிருந்து இறக்குவதும் ஹைட்ரா, சமதளத்தில், பூமை உள்ளே இழுத்து வைத்து. ஹைட்ராவைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லவில்லை, மதியம் இரண்டுக்குச் சொன்னோம். காலையில் வந்து நின்றால் அதுவே இழுக்கப் போய்விடும். பொக்லைன் சாவி ஆபீஸ் டிராயரில்.

பீம் சோதனைக் காகிதம் இல்லாததால் இந்த ஞாயிறும் வேலை நடக்கவில்லை. தகுதிச் சான்று தருகிறவர் புதன்கிழமை வருகிறார், சோதனை எடையாகத் தொங்கவிட 2.5 டன்னுக்குத் தண்ணீர்ப் பை கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். மூன்று நாள் உற்பத்தி போகிறதே என்று மேலே இருந்து தினமும் இரண்டு போன். பையன் மட்டும் அந்த பீமுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஏண்ணே, இத்தனை வருசமா இதுலதானே மாட்டிட்டு இருந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.